சான் அன்டோனியோவில் ஒரு வாய்க்கால்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹியூஸ்டனிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் மேற்கே ஏறத்தாழ 320 கிலோமீட்டர் ஓட்டினால் சான் அன்டோனியோ வந்துவிடும். மகளான என்னிடம் சில மாதங்கள் தங்கிப்போக வந்திருந்த அப்பாவையும் அம்மாவையும் காரில் அழைத்துக்கொண்டு பிக் பெண்ட் மலைப்பகுதிக்குப் புறப்பட்டபோது, இந்த நகருக்கு நாங்கள் ஒதுக்கியிருந்தது ஒரே ஒரு பகல்தான். ஆனால் இரண்டு இரவுகள் தங்கிவிட்டோம். நகரின் தெற்கே, பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் எட்டிப் பார்க்காத ஒரு பாசன வாய்க்கால்தான் அதற்குக் காரணம். இந்த வழியாகக் காரில் போகிறவர்கள் அதைத் தவறவிடக் கூடாது என்ற ஆசையில் எழுதுகிறேன்.

எல்லோரையும் போல நாங்களும் முதலில் அலமோவுக்குத்தான் போனோம். மெக்சிகோவிடமிருந்து டெக்சாஸ் பிரிவதற்காக நடந்த போரில், 1836-இல் மெக்சிகோ படையின் பதின்மூன்று நாள் முற்றுகைக்குப் பிறகு மார்ச் 6 அன்று வீழ்ந்த அந்தத் தேவாலயம், உயரமான கட்டடங்களுக்கு நடுவே எதிர்பார்த்ததைவிட மிகச் சிறியதாகத் தெரிந்தது. படங்களில் நாம் பார்த்துப் பழகிய அந்த வளைந்த முகப்பு மேடு, போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1850-இல் அமெரிக்க ராணுவம் சேர்த்துக் கட்டியது. அங்கே சண்டையிட்டு மாண்டவர்கள் அதைப் பார்த்ததே இல்லை. ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம்.

அங்கிருந்து படியிறங்கி ஆற்றோர நடைபாதைக்குப் போனோம். தெரு மட்டத்திலிருந்து ஒரு மாடி கீழே, சைப்ரஸ் மர நிழலில், இரு கரைகளிலும் உணவகங்களோடு ஆறு அமைதியாகக் கிடக்கிறது. இதே ஆறும் அதில் சேரும் ஓடைகளும் 1921 செப்டம்பரில் பெருக்கெடுத்து ஏறக்குறைய ஐம்பது பேரின் உயிரைக் குடித்தன. அதன் பிறகு நகருக்குள் வளையும் இந்தப் பகுதியை மேலே மூடிக் கழிவுநீர்க் கால்வாயாக்கிவிடலாம் என்றுகூட யோசித்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். ராபர்ட் ஹக்மன் என்ற இளம் கட்டடக் கலைஞர் 1929-இல் வரைந்து கொடுத்த திட்டத்தின்படி, 1941-க்குள் படிகளும் பாலங்களும் எழுந்தன. மூடிவிடாமல் விட்டார்களே என்று அந்த மனிதர்களை நினைத்து உண்மையாகவே நன்றி தோன்றியது.

அன்று இரவு சாப்பிட்டதும் அங்கேதான். இடம் அழகு, உணவு சுமார். பில்லில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருந்ததைக் கவனிக்காமல், வழக்கம்போல இருபது சதவீதம் டிப்ஸ் தனியாகவும் எழுதிவிட்டேன். பணியாளரும் சொல்லவில்லை. அமெரிக்காவில் பலர் சேர்ந்து சாப்பிடும் மேசைகளுக்கு இப்படி முன்கூட்டியே சேர்த்துவிடும் உணவகங்கள் உண்டு. ஆகவே கையெழுத்துப் போடும் முன் பில்லைக் கடைசி வரி வரை படித்துவிடுங்கள்.

மறுநாள் காலை தெற்கே காரை எடுத்தோம். ஆற்றை ஒட்டி அடுத்தடுத்து கான்செப்சியோன், சான் ஹோசே, சான் ஹுவான், எஸ்படா என்ற நான்கு பழைய ஸ்பானிய மிஷன்கள், அதாவது கிறிஸ்தவ மதத்தைப் பரப்பத் துறவிகள் அமைத்த குடியிருப்புகள், இருக்கின்றன. அலமோவையும் சேர்த்து இந்த ஐந்தையும் 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இந்த நான்கிற்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. சான் ஹோசேயின் கல் சன்னலில் உள்ள கொடி வேலைப்பாட்டைப் பார்க்கவே ஒரு மணி நேரம் வேண்டும். ஆனால் அப்பாவை நிறுத்தி வைத்தது எஸ்படாவுக்கு அருகிலுள்ள நீர்ப்பாலம்தான்.

ஓர் ஓடையின் குறுக்கே இரண்டு கல் வளைவுகள். அவற்றின் முதுகின் மேல் ஒரு வாய்க்கால். கீழே ஓடை ஒரு திசையில் போக, மேலே ஆற்றுநீர் வேறு திசையில் போகிறது. 1740-களில் கட்டி முடிக்கப்பட்டது. இன்றும் கீழ்ப்புற நிலங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. வாழ்நாள் முழுவதும் வாய்க்கால் பாசனத்தில் வேளாண்மை செய்த அப்பா, காய்ந்த இலை ஒன்றை நீரில் போட்டுவிட்டு அதன் கூடவே கரையில் நடந்தார். இலை சுழலாமல், எங்கும் தேங்காமல், ஒரே சீராக நகர்ந்தது. "மோட்டார் கிடையாது, ஒண்ணும் கிடையாது. வாட்டம் பார்த்து வெட்டியிருக்கான் பாரும்மா" என்றார்.

பக்கத்தில் நின்ற தேசியப் பூங்கா ஊழியர் ஒருவர் அவருடைய ஆர்வத்தைப் பார்த்து அருகே வந்தார். ஒரே நாளில் நீர் பாய்ச்சி முடிக்கக்கூடிய நிலத்துக்கு ஸ்பானியர்கள் 'சுவெர்தே' என்று பெயர் வைத்திருந்தார்கள் என்றும், அந்தச் சொல்லுக்கு அதிர்ஷ்டம் என்று பொருள் என்றும், நிலங்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்ததால் அந்தப் பெயர் வந்தது என்றும் அவர் விளக்கினார். வாய்க்காலைக் குறிக்கும் 'அசேக்கியா' அரபு மொழியிலிருந்து ஸ்பானிய மொழிக்குப் போன சொல்லாம். ஒவ்வொன்றையும் நான் தமிழில் சொல்லச் சொல்ல, அப்பா தண்ணீர் முறை பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். தோண்டியவர்களில் பெரும்பாலோர் மிஷன்களில் குடியேற்றப்பட்ட கோவாவில்டெக்கன் பழங்குடி மக்கள் என்று தெரிந்ததும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வெட்டினவன் பேரு எங்கேயாவது எழுதியிருக்கா?" என்று கேட்டார். அந்த ஊழியரிடம் பதில் இல்லை.

மதியம் நகரின் மேற்குப் பகுதியில், குடும்பங்கள் நிறைந்திருந்த ஒரு சிறிய உணவகத்தில் பஃபி டாக்கோ சாப்பிட்டோம். சோள மாவை அப்படியே எண்ணெயில் போட்டு, பூரி போல உப்பி வரும்போதே கரண்டியால் நடுவில் அழுத்தி மடிக்கிறார்கள். ஓரம் மொறுமொறுப்பாகவும் மடிப்பு மெத்தென்றும் இருக்கிறது. அம்மா சைவம். மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பும், சோற்றில் கோழிச் சாறும் சேர்ப்பது அங்கே சாதாரணம் என்பதால், இறைச்சி உண்டா என்று மட்டும் கேட்டால் போதாது. கொழுப்பு உண்டா, சாறு உண்டா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். பரிமாறிய பெண்மணி சமையலறைக்குள் போய்க் கேட்டுவந்து, மசிக்காத பீன்ஸும் அவகாடோவும் வைத்து அம்மாவுக்கென ஒரு தட்டு தனியாகக் கொண்டுவந்தார். அந்த டிப்ஸை மனம் நிறைந்து எழுதினேன்.

பிக் பெண்டுக்குப் புறப்பட்ட காலையில், நெடுஞ்சாலை ஏறுவதற்கு முன் இன்னொரு முறை அந்த வாய்க்காலைப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று அப்பா கேட்டார். எதிர்த்திசையில் இருபது நிமிடம் ஓட்ட வேண்டும். ஓட்டினேன்.