பிணை ரத்து: ஒரு சொல் போதாது

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஜாமீன், அதாவது பிணை, ரத்தாவதைக் குறிக்க 'பிணைமுறிவு' என்ற பரிந்துரையைப் பார்த்தேன். ஓசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இலங்கையில் பிணைமுறி என்றால் அரசுக்காக மத்திய வங்கி வெளியிடும் கடன் பத்திரம். அதை விடுங்கள், நாம் ஒரு சொல் தேடுகிறோம், வேண்டியது இரண்டு.

கிருஷ்ணகிரியில் நீதிமன்றத்துக்குப் பக்கத்து டீக்கடையில் ஓர் அம்மாவைப் பார்த்தேன். மகனைக் கொலைக்குப் பறிகொடுத்தவர். மஞ்சள் பையிலிருந்து குற்றம் சாட்டப்பட்டவனுக்குத் தந்த ஜாமீன் உத்தரவை, நாலாக மடித்திருந்ததை, எடுத்து நீட்டினார். மடிப்பில் எழுத்து அழிந்திருந்தது. "அவன் யாரையும் மிரட்டலியே, அப்புறம் எதை வச்சு கேன்சல் பண்றதுன்னு கேட்டு அனுப்பிட்டாங்க சாமி" என்றார்.

அவருக்குக் கிடைத்தது பாதி பதில். ஜாமீனில் வந்தவர் சாட்சியைக் கலைத்தாலோ நிபந்தனையை மீறினாலோ ஜாமீன் போகும். அதை ஜாமீன் தந்த நீதிமன்றத்திலேயே கேட்கலாம். ஆனால் குற்றத்தின் கடுமையையும் ஆதாரத்தையும் பார்க்காமல் தந்த உத்தரவென்றால், அவர் வெளியே ஒழுங்காக இருந்தாலும் அந்த உத்தரவு நிற்காது. அதற்கு மேல்நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கதிரடிக்கும் களத்தில் சேர்த்துக் கட்டிய பிணையல் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுவது ஒன்று, முடிச்சே சரியாகப் போடாதது வேறு. 2025 ஆகஸ்ட் 14 அன்று கொலை வழக்கில் கன்னட நடிகர் தர்ஷனின் ஜாமீனை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் உத்தரவிலேயே குறை கண்டது. ஓசூரிலிருந்து எட்டிப்பார்க்கும் தூரத்து வழக்கு. நம் செய்திகளில் அதுவும் வெறும் 'ஜாமீன் ரத்து'தான்.

சட்டப் பிரிவில், அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 439(2), அதன் இடத்தில் வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 483(3) இரண்டிலும், ரத்து என்ற பேச்சே கிடையாது. கைது செய்து காவலில் வைக்க உத்தரவிடலாம் என்றுதான் இருக்கிறது. ஆகவே சொல்லை அமைக்க நமக்கு இடம் இருக்கிறது.

என் பரிந்துரை: நடத்தையால் போவது 'பிணையிழப்பு'. இழந்தவர் அவரே என்பது சொல்லிலேயே தெரியும். உத்தரவு தவறென்று போவது 'பிணையாணை ரத்து'. ரத்து எல்லாருக்கும் பழகிய சொல், அதை விரட்ட வேண்டாம். 'தள்ளுபடி' கூடாது, மனு தள்ளுபடியோடு குழம்பும்.

ஒரு சந்தேகம். ஜாமீன்தாரர் பொறுப்பேற்ற தொகை பறிபோவதையும் யாராவது பிணையிழப்பு என்று எழுதுகிறார்களா? நீதிமன்றத்தில் வேலை செய்பவர்கள் சொன்னால் வேறு சொல் பார்க்கலாம்.

தருமபுரியிலிருந்து,
அன்புடன்