சறுக்கத் தெரியாதவர்கள் செர்மாட்டுக்குப் போகலாமா?

பேர்ன் மகள்:
வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வந்து நிற்கிறார். வயது 68, வலது முழங்காலில் வலி. பங்குனியில் திரும்பிவிடுவார். அதற்குள் இங்கே சுவிஸில் செர்மாட் ஊருக்குக் கூட்டிப்போய் மாட்டர்ஹார்ன் மலையைக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அம்மாவுக்கு அது 'டோப்லரோன் மலை'. அந்தச் சாக்லேட்டின் அட்டையில் இந்த மலையின் படம் இருந்த காலத்தில் நான் அனுப்பிய முக்கோணப் பெட்டியில்தான் இன்றைக்கும் பின்னல் ஊசிகளை வைத்திருக்கிறார். எங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு சனிக்கிழமை. மகனுக்கு ஒன்பது வயது. வீட்டில் ஒருவருக்கும் பனிச்சறுக்குத் தெரியாது. சறுக்கத் தெரியாதவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று வேலையிடத்தில் ஒருவர் கேட்கிறார். போகலாமா?

பழைய சமையற்காரன்:
தங்கச்சி, அந்த ஆளின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். செர்மாட்டில் ஒரு ஹோட்டல் சமையலறையில் நான்கு குளிர்காலம் உருளைக்கிழங்கு துருவியவன் நான். சறுக்குப் பலகையில் ஒருநாள்கூட ஏறியதில்லை. ஆனால் அந்த ஊரின் சந்து பொந்தெல்லாம் எனக்குத் தெரியும்.

காரை விட்டுவிடுங்கள். எப்படியும் பக்கத்து ஊரான தேஷில் நிறுத்திவிட்டு ரயிலில்தான் ஊருக்குள் போக வேண்டும். பேர்னிலிருந்து ஃபிஸ்ப் வரை ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அங்கே மாறினால் இன்னும் ஒரு மணி பத்து நிமிடம். விடிந்ததும் இணையத்தில் மலையின் நேரலைக் கமராவைப் பாருங்கள். மலை தெரிந்தால் கிளம்புங்கள். தெரியாவிட்டால் அந்தச் சனிக்கிழமை அம்மாவோடு வீட்டில் தோசை சாப்பிடுங்கள், காசாவது மிஞ்சும்.

போய் இறங்கியதும் ஊரைச் சுற்றக் கிளம்பாதீர்கள். மதியத்துக்குப் பிறகு தலையில் முகிலைக் கட்டிக்கொள்ளும் பழக்கம் அந்த மலைக்கு உண்டு. எனவே முதலில் மேலே. நிலையத்துக்கு நேர் எதிரே கோர்னர்கிராட் ரயில். 1898 முதல் ஓடுகிறது. 3,089 மீட்டர் உயரத்துக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேலே பிடிக்கும். ஏறும்போது வலது பக்க ஜன்னல், மறந்துவிடாதீர்கள். ஆண்டுச்சீட்டு வைத்திருந்தாலும் இந்த ரயிலில் பாதிக் காசு கட்டத்தான் வேண்டும். திரும்பும்போது மகனையும் கணவரையும் வழியில் வரும் ரோட்டன்போடன் நிலையத்தில் இறக்கிவிடுங்கள். அதற்குக் கீழே உள்ள ரிஃபெல்பெர்க் நிலையம் வரை சறுக்குவண்டியில் உட்கார்ந்தே வரலாம். அதற்கு வித்தை தேவையில்லை, கொஞ்சம் துணிச்சல் போதும்.

பிறகு ஊர். ஹிண்டர்டோர்ஃப் என்று பழைய தெரு ஒன்று இருக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் வெயில் தின்று கறுத்துப்போன மரக் களஞ்சியங்கள். ஒவ்வொன்றும் குட்டைக் கால்களில் நிற்கும். காலுக்கும் களஞ்சியத்துக்கும் நடுவே அம்மிக்கல் அகலத்துக்குத் தட்டையாக ஒரு வட்டக் கல். எலி காலில் ஏறி வரும், கல்லின் அடிப்பக்கத்தில் தலைகீழாகத் தொங்கிப் போக முடியாமல் விழும். நெல் மூட்டையை எலியிடமிருந்து காத்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

தேவாலயத்துக்கு அருகே நிலத்தடியில் அருங்காட்சியகம். 1865 ஜூலை 14இல் அந்த மலையில் முதன்முதலாக ஏழு பேர் ஏறினார்கள். இறங்கும்போது ஒருவர் கால் வழுக்க, கயிறு அறுந்து நான்கு பேர் விழுந்து இறந்தார்கள். அந்தக் கயிறு அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. நுனி பிசிறு பிசிறாக. எங்கள் ஊர்க் கிணற்று வாளிக் கயிற்றின் பருமன்கூட இல்லை. லீவு நாட்களில் நான் போய்ப் பார்த்துவிட்டு வருவது அதைத்தான். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வலே தாதி:
அண்ணை சொல்வது சரி, ஆனால் 68 வயதில் ஒரே மூச்சில் மூவாயிரம் மீட்டர் எனக்குச் சம்மதமில்லை. அம்மாவுக்கு இரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். சுன்னெக்கா என்ற இடம் சுமார் 800 மீட்டர் தாழ்வானது. சுரங்கத்துக்குள் ஓடும் ரயில் சில நிமிடத்தில் கொண்டுபோய் விடும், மலையும் நன்றாகத் தெரியும். இன்னொன்று: சேலைக்கு மேல் எத்தனை குளிர்ச்சட்டை போட்டாலும் சப்பாத்துத்தான் முக்கியம். அடியில் மாட்டும் ஆணிப்பட்டை வாங்குங்கள். இங்கே எங்களிடம் வருகிற மணிக்கட்டு முறிவுகளில் பாதி, சறுக்கப் போகாமல் சும்மா நடந்து விழுந்தவர்களுடையது.

பழைய சமையற்காரன்:
சுன்னெக்காவும் நல்ல இடம்தான். ஆனால் சனிக்கிழமை காலையில் சறுக்குப் பலகைக் கூட்டத்துக்குள் முழங்கால் வலிக்காரரை நிறுத்த வேண்டுமே! மருத்துவர் சரியென்றால் கோர்னர்கிராட், இல்லையென்றால் சுன்னெக்கா. மேலே முக்கால் மணி நேரத்துக்கு மேல் நிற்காதீர்கள்.

பேர்ன் மகள்:
மருத்துவர் சரி சொன்னார், போய் வந்துவிட்டோம். இருவருக்கும் நன்றி. காலையில் மலை துலக்கமாக நின்றது. நாங்கள் இறங்கத் தொடங்கியபோது முகில் வந்து மூடிவிட்டது. புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் ஃபிஸ்ப் ரயிலிலேயே சாப்பிட்டு முடித்தோம், பெட்டி முழுக்க மணம். மகன் இரண்டு முறை சறுக்குவண்டியில் வந்தான். கணவர் ஒருமுறை, அதோடு கால்சட்டை கிழிந்தது.

அம்மா அதிக நேரம் நின்றது எலிக்கல்லுக்கு முன்னால்தான். கையை அடியில் விட்டுத் தடவிப் பார்த்து, "கொத்தியவன் கெட்டிக்காரன்" என்றார். கயிற்றின் முன்னால் ஒன்றும் பேசவில்லை. விழுந்தவர்களில் ஒருவரின் உடல் கிடைக்கவே இல்லை என்று நான் வாசித்துச் சொன்னபோது, அவருடைய தாய் அப்போது உயிரோடு இருந்தாரா என்று மட்டும் கேட்டார். அண்ணை, உங்களுக்குத் தெரியுமா?