பழைய வேட்டை வில்லுக்கு எந்த அம்புதாங்கி பொருந்தும்?

ஏற்காட்டுவாசி
அனைவருக்கும் வணக்கம். வெளிநாட்டிலிருந்து திரும்பிய என் மாமா, தாம் பயன்படுத்திய 60 பவுண்டு இழுவிசையுள்ள காம்பவுண்ட் வேட்டை வில்லை (முனைகளில் உருளைகளும் அவற்றை இணைக்கும் கேபிள்களும் உள்ள வில்) எனக்குத் தந்திருக்கிறார். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கையில் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. காப்பித் தோட்டத்தின் மண்மேட்டுக்கு முன்னால் இலக்கை நிறுத்தி, 20 மீட்டரில் பயிற்சி மட்டுமே செய்கிறேன். வில்லில் இருப்பது, வட்டமாக அமைந்த தூரிகை மயிர்களின் நடுவே அம்பைச் செருகும் தாங்கி. மயிர்கள் தேய்ந்துவிட்டன, அம்புகளின் இறகு ஓரங்களும் சுருங்கியிருக்கின்றன. எய்ததும் அம்பின் வழியிலிருந்து கீழே விழுந்து விலகும் வகைத் தாங்கிக்கு மாறலாமா?

அஸ்தம்பட்டியார்
மாறலாம். புதருக்குள் நடக்கும் வேட்டைக்காரர் வில்லை எப்படிச் சாய்த்தாலும் அம்பு நழுவாதிருக்கவே தூரிகைத் தாங்கி உருவானது. ஒரே இடத்தில் நின்று எய்யும் உங்களுக்கு அந்தப் பயன் குறைவு. ஆனால் ஒவ்வொரு முறையும் இறகு மயிர்களை உரசித்தான் வெளியேறும், அடிமயிர் தேய்ந்தால் அம்பும் தாழ்ந்துவிடும்.

விழும் தாங்கியில் இரண்டு வகை உண்டு. கேபிளோடு கயிறு கட்டும் வகையில், நாணை இழுக்கும்போது கேபிள் தாங்கியைத் தூக்குகிறது. கயிறு சற்று நழுவினாலும் தாங்கி முழுதாக எழாது. லிம்போடு, அதாவது வில்லின் வளையும் கையோடு, கட்டும் வகையில், இழுக்காத நிலையில் கயிறு தாங்கியைக் கீழே பிடித்திருக்கும். லிம்ப் வளைந்து கயிறு தளர்ந்ததும் ஸ்பிரிங் அதை நிமிர்த்தும், நாணை விட்டதும் லிம்ப் மீண்டு அதைக் கீழே இழுத்துவிடும். இதில் கயிறு அறுந்தாலும் தாங்கி நிமிர்ந்தே நிற்கும். பனியிலும் மழையிலும் பழகும் உங்களுக்கு நான் இதையே சொல்வேன்.

ஆத்தூர் வில்லாளி
ஐயா சொன்னதை ஏற்கிறேன். 50 மீட்டர் போட்டிகளில் பலர் வைத்திருக்கும் மெல்லிய எஃகுத் தகட்டுத் தாங்கியை மட்டும் இப்போது வாங்காதீர்கள். பழகாத கை இழுக்கும்போது அம்பு அதிலிருந்து எளிதாக நழுவும். நழுவிய அம்பை அப்படியே எய்துவிட்டால் வில் பிடித்த கையே காயப்படும். அம்பைச் சுற்றிலும் அடைத்து நிறுத்தும் அமைப்புள்ள விழும் தாங்கியாகப் பாருங்கள். பொருத்தியபின் தாங்கியின் மீது பவுடர் பூசி ஓர் அம்பை எய்யுங்கள். இறகில் பவுடர் ஒட்டியிருந்தால் தாங்கி தாமதமாக விழுகிறது என்று பொருள். அதன்பிறகு, விறைப்பாகக் கட்டிய காகிதத்தின் வழியே இரண்டு மீட்டர் தொலைவிலிருந்து எய்து, கிழிசல் எப்பக்கம் நீள்கிறதென்று பாருங்கள்; அம்பு சாய்ந்து பறக்கிறதா என்பது அதில் தெரியும்.

ஏற்காட்டுவாசி
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. லிம்ப் வகையையே வாங்குகிறேன். கயிற்றை மேல் லிம்பில் கட்டுவதா, கீழ் லிம்பிலா?

அஸ்தம்பட்டியார்
அது தாங்கியின் அமைப்பைப் பொறுத்தது. சில தாங்கிகள் இரண்டுக்கும் பொருந்தும். வாங்குமுன் கையேட்டைப் படித்துவிடுங்கள்.