எந்த விவரத்தைக் கேட்டாலும் கடைசி விவரமே வருகிறது: பைத்தன் கெட்டர், செட்டர் உதவி

கிளிநொச்சித் தம்பி:
வணக்கம். எங்கள் கமக்காரர் அமைப்புக்குப் பைத்தனில் ஒரு பதிவேடு எழுதுகிறேன். குளம், வாய்க்கால், காணி, கமக்காரர் என்று நாலு கிளாஸ், ஒவ்வொன்றிலும் ஏழெட்டு விவரம், எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கெட்டர் (விவரத்தை வாசிக்கும் ஃபங்ஷன்), செட்டர் (அதை மாற்றும் ஃபங்ஷன்) எழுதினால் பக்கம் பக்கமாக நீளும் என்று பெயர்களை ஒரு லிஸ்டில் போட்டு, ஃபார் லூப்புக்குள் லாம்டா (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்) வைத்துப் பிராப்பர்ட்டி (கெட்டரையும் செட்டரையும் ஒரே பெயரில் இணைப்பது) செய்து, செட்ஆட்டர் (setattr) மூலம் கிளாஸில் சேர்த்தேன். எரர் எதுவும் இல்லை. ஆனால் இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தைக் கேட்டால் "கனகராயன் ஆறு" என்று வருகிறது, பெயரைக் கேட்டாலும் அதேதான்! லிஸ்டில் கடைசியாக இருப்பது நீர்வரத்து. காலபோக விதைப்புக்கு முன் கொடுத்தாக வேண்டும்.

மாங்குளத்தான்:
தம்பி, லாம்டா பிடித்து வைப்பது லூப் மாறியை, அதன் அப்போதைய மதிப்பை அல்ல. கூப்பிடும்போதுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும், அதற்குள் லூப் முடிந்து கடைசிப் பெயரில் நிற்கும். பெயரை வாங்கிப் பிராப்பர்ட்டியைத் திருப்பித் தரும் ஃபங்ஷன் ஒன்றை வெளியே எழுதி, லூப்புக்குள் அதைக் கூப்பிடுங்கள். உள்ளே மதிப்பை வைக்கும் பெயருக்கு முன்னால் ஒரு அண்டர்ஸ்கோர் கட்டாயம், இல்லாவிட்டால் செட்டர் தன்னையே கூப்பிட்டுக் கூப்பிட்டு ரிகர்ஷன் எரர் வரும்.

மல்லாவி அக்கா:
அது சரி. ஆனால் சும்மா வாசிக்கவும் எழுதவும் மட்டும் என்றால் பைத்தனில் கெட்டரே வேண்டாம், சாதாரண ஆட்ரிபியூட் போதும். சரிபார்க்க வேண்டிய விவரத்துக்குத்தான் இந்தப் பாடு. இரணைமடுவின் முழு நீர்மட்டம் 36 அடி, யாராவது 360 என்று தட்டினால் பதிவேடு ஏற்கக் கூடாது. அதற்கு ஒரு டிஸ்கிரிப்டர் கிளாஸ் (ஒரு விவரத்தின் கெட், செட் வேலையைத் தனியே வைத்திருக்கும் கிளாஸ்) எழுதினால் நாலு கிளாஸும் அதையே பாவிக்கலாம். பைத்தன் 3.6 முதல் செட்நேம் (__set_name__) மெதட் இருப்பதால் எந்தப் பெயரில் வைத்தீர்கள் என்பதும் அதற்குத் தானாகத் தெரியும்.

கிளிநொச்சித் தம்பி:
லூப் சரிவந்துவிட்டது, நன்றி அண்ணை. அக்கா, டிஸ்கிரிப்டரும் எழுதினேன், அப்புறம் புதுச் சிக்கல். நீர்மட்டம் இரணைமடுவுக்கு 31, வவுனிக்குளத்துக்கு 20 என்று போட்டால் இரணைமடுவும் 20 என்கிறது.

மல்லாவி அக்கா:
மதிப்பை டிஸ்கிரிப்டரின் செல்ஃபில் (self), அதாவது டிஸ்கிரிப்டருக்குள்ளேயே, வைத்திருக்கிறீர்கள். குளம் என்ற கிளாஸுக்கு அந்த டிஸ்கிரிப்டர் ஒன்றே ஒன்றுதான், எல்லாக் குளங்களும் அதைத்தான் பகிர்கின்றன. கெட், செட் இரண்டுக்கும் இரண்டாவதாக வரும் இன்ஸ்டன்ஸின், அதாவது அந்தந்தக் குளத்தின், டிக்ட்டில் (__dict__) வையுங்கள். கிளாஸ் வழியாகக் கூப்பிட்டால் கெட்டில் இன்ஸ்டன்ஸ் None ஆக வரும், அப்போது செல்ஃபையே திருப்பி அனுப்புங்கள்.

கிளிநொச்சித் தம்பி:
31, 20 தனித்தனியாக வருகிறது அக்கா. காணியின் ஏக்கருக்கும் இதையே போடுகிறேன்.