ஒரு வரித் தீர்ப்புகள்: வைஸ் சிட்டி முதல் வெண்பா வரை

யானைமலை:
பொங்கல் லீவில் ஒத்தக்கடை வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். இதுவரை ஆடிய கேம்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிப் பார்த்தேன். ஒரு கேமைப் பற்றிப் பேச ஆயிரம் இருக்கலாம், தீர்ப்புக்கு ஒரு வரி போதும் என்பது என் கட்சி. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

வைஸ் சிட்டி (2002): மிஷனெல்லாம் மறந்துவிட்டது, கார் ரேடியோ மறக்கவில்லை.
சான் ஆண்ட்ரியாஸ் (2004): ஹீரோ தின்றால் தொப்பை போடுகிறது, ஜிம்முக்குப் போனால் இளைக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?
ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ. (2000): மிஷன் நடுவில் சேவ் கிடையாது. இதற்குப் பெயர் சவால் இல்லை, செய்தவர்களின் சோம்பல்.
கிரிக்கெட் 07: கம்பெனி கைவிட்ட பிள்ளையை நம் பசங்கள் பேட்ச் போட்டே வளர்த்துவிட்டார்கள்.
ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 (2018): குதிரைக்கு ஐந்து நட்சத்திரம், ஒவ்வொரு டிராயரையும் நிதானமாகத் திறக்கிற கைக்கு ஒன்று.
எல்டன் ரிங் (2022): அடித்தது, திட்டினேன், திரும்பப் போனேன். பத்துக்குப் பத்து.
சைபர்பங்க் 2077 (2020): தம் முடியும் முன்னே மூடியைத் திறந்த பிரியாணி.
ஸ்டார்டியூ வேலி (2016): மண்ணில் கை வைக்காதவர்களுக்கான விவசாயம்.
ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 (1999): 2022-ல் நாம் ஆடுகிற பேரரசுகளில் திராவிடர்களையும் சேர்த்தார்கள், நல்ல குதிரையைத்தான் கொடுக்கவில்லை.
வெண்பா (2023): அழ வைத்தது, விளையாட வைக்கவில்லை.
பி.ஜி.எம்.ஐ. (பப்ஜியின் இந்திய வடிவம்): கேம் இல்லை, தெருமுனை.

பழைய சென்டர் அண்ணன்:
தம்பி, மற்றதை எப்படியும் எழுதிக்கொள். ஐ.ஜி.ஐ.யைச் சோம்பல் என்று எழுதியதைப் படித்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

2003-லிருந்து 2012 வரை கோரிப்பாளையம் பக்கம் எட்டு சிஸ்டம் போட்டு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். மணிக்கு 20 ரூபாய். ஏழு சிஸ்டத்தில் கவுன்டர் ஸ்ட்ரைக் ஓடும். டஸ்ட் 2-ஐ விட்டால் உலகத்தில் வேறு மேப்பே கிடையாது என்பது போல நாள் முழுக்க அதே சத்தம். எட்டாவது சிஸ்டம் சுவர் ஓரம், அதில் ஐ.ஜி.ஐ. அந்த மூலைக்கு வருகிறவன் தனி ரகம். உட்கார்ந்ததும் சுட மாட்டான். பைனாகுலரை எடுத்துப் பத்து நிமிடம் பார்ப்பான். வேலி எங்கே முடிகிறது, கேமரா எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்த டவரில் ஸ்னைப்பர் நிற்கிறான். சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து அதன் முதுகில் பேனாவால் படம் போட்டுக்கொள்வான். நடுவில் சேவ் இருந்திருந்தால் அந்தப் படத்தைப் போட்டிருப்பானா? செத்தால் திரும்ப லோட் பண்ணிக்கொள்ளலாம் என்று வாசலிலேயே துப்பாக்கியைத் தூக்கியிருப்பான்.

யானைமலை:
அண்ணே, படம் போட்டதெல்லாம் சரி. முப்பத்தைந்து நிமிடம் ஒளிந்து ஒளிந்து போய், கடைசி கேட்டில் முதுகுப் பக்கம் எவனோ ஒருவன் ஒரே ஒரு குண்டு போட்டால் மறுபடி வேலிக்கு வெளியே வந்து நிற்க வேண்டும். அந்த முப்பத்தைந்து நிமிடத்தில் புதிதாகக் கற்றது ஒன்றுமில்லை, ஏற்கெனவே செய்ததைத் திரும்பச் செய்யப் போகிறோம், அவ்வளவுதான். மணிக்கு 20 ரூபாய் என்பதால் உங்களுக்கு அது பிடித்திருக்கலாம்.

பழைய சென்டர் அண்ணன்:
லாபக் கணக்கா? கேள். 2012-ல் கரண்ட் கட் எப்படி இருந்தது என்று உன் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். வருவதை விடப் போவதுதான் அதிகம். என் யு.பி.எஸ். பேட்டரிக்கு வயதாகிவிட்டது, எட்டு சிஸ்டத்தைப் பத்து நிமிடம் தாங்காது. கரண்ட் போனதும் அது கத்த ஆரம்பிக்கும். நான் ஒன்று, இரண்டு என்று வரிசையாக அணைத்துக்கொண்டே போவேன், எட்டாவதை மட்டும் விட்டுவைப்பேன். மற்ற ஏழு பேரும் வீட்டுக்குப் போகாமல் அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். ஃபேன் கிடையாது, வியர்வை, இருட்டு, ஒரே ஒரு மானிட்டர் வெளிச்சம். 'இடது பக்கம் ஆள் இருக்கான்டா' என்று ஒருவன் கிசுகிசுப்பான், என்னவோ நிஜமாகவே அந்த முகாமுக்குள் நிற்பது போல. ஒருநாள் மிஷன் முடிய ஐம்பது அடிதான் பாக்கி. யு.பி.எஸ். கத்துவதை நிறுத்தியது. ஸ்கிரீன் இருட்டு.

அந்த ஒரு மணி நேரத்துக்கு நான் காசு வாங்கவில்லை. அந்த வருடமே சென்டரையும் மூடினேன்.

யானைமலை:
அண்ணே, நீங்கள் சொன்ன கதை என் கட்சிக்குத்தான் சாட்சி. சேவ் இருந்திருந்தால் அந்தப் பையனின் உழைப்பு வீணாகியிருக்காது.

பழைய சென்டர் அண்ணன்:
சேவ் இருந்திருந்தால் ஏழு பேர் அவன் பின்னால் வந்து நின்றிருக்கவும் மாட்டார்கள்.

ரெண்டு பிள்ளை:
யானைமலை, உங்களிடம் ஒரு நியாயம் கேட்க வேண்டும். சேவ் இல்லை என்று ஐ.ஜி.ஐ.யைத் திட்டுகிறீர்கள். எல்டன் ரிங்கில் தனியாக ஆடினாலும் பாஸ் (நிறுத்தும்) பட்டன் கிடையாது. அதற்குப் பத்துக்குப் பத்து! எனக்கு இரண்டு பிள்ளைகள், பெரியவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு ஒன்றரை. இரவு பத்தரைக்கு இருவரும் தூங்கிய பிறகு உட்காருவேன். மார்கிட் என்கிற பெரிய எதிரியின் உயிர்க்கோடு கால்வாசிக்கு வந்திருக்கும், உள்ளே தொட்டிலில் சிணுங்கல் கேட்கும். நிறுத்திவிட்டுப் போகப் பட்டன் இல்லை. கன்ட்ரோலரை அப்படியே சோபாவில் போட்டுவிட்டு எழுந்து போவேன். பால் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டி, திரும்பி வந்தால் என் ஆள் செத்துக் கிடக்கிறான். இது சோம்பல் இல்லையா? ஒரே குற்றத்துக்கு ஒருவருக்குத் தண்டனை, ஒருவருக்கு மாலை.

யானைமலை:
நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. எல்டன் ரிங் தானாகவே சேவ் செய்துகொண்டே இருக்கிறது. கரண்ட் போனாலும் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்ப எழுப்பிவிடும். செத்தால் ரூன்கள் (அதுவரை சேர்த்த பணம்) கீழே விழும், போய் எடுத்துக்கொள்ளலாம், போகிற வழியில் மறுபடி செத்தால்தான் நிஜமாகப் போயிற்று. தண்டனை இருக்கிறது, ஆனால் நேரத்தைத் திருடவில்லை. மார்கிட்டிடம் முப்பது தடவை தோற்றால், முப்பத்தொன்றாவது தடவை அவன் கையை ஓங்கிவிட்டுத் தாமதிக்கிறான் என்பது கண்ணுக்குப் பழகியிருக்கும். ஐ.ஜி.ஐ.யில் பழகுவது வேலியைச் சுற்றி நடப்பது மட்டும்தான்.

பாஸ் பட்டன் விஷயத்தில் பதில் இல்லை. அது வேண்டும்.

ரெண்டு பிள்ளை:
அப்படியானால் பத்தில் ஒன்றைக் குறையுங்கள்.

யானைமலை:
அரை.

மாட்டுத்தாவணி மல்லி:
ஸ்டார்டியூ வேலி மண்ணில் கை வைக்காதவர்களுக்கு என்று எழுதியவரே, என் கையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். எங்களுக்கு உசிலம்பட்டிப் பக்கம் முக்கால் ஏக்கர் மல்லிகை. விடிவதற்கு முன் மொட்டாகப் பறித்தாக வேண்டும், மலர்ந்துவிட்டால் விலை இல்லை. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் பூவை இறக்கும்போது ஒரு விலை, டீ குடித்துவிட்டு வந்தால் ஒரு விலை. தை முகூர்த்தத்தில், பனியில் வரத்துக் குறைந்திருக்கும்போது கிலோ ஆயிரக்கணக்கில் போகும். செடி நிறையப் பூக்கிற மாதத்தில் பறிகூலிக்கே கட்டாது.

ஸ்டார்டியூவில் பார்ஸ்னிப் விதை 20 காசு. நாலு நாளில் விளைகிறது, 35 காசு. ஒன்று விற்றாலும் 35, ஆயிரம் விற்றாலும் 35. ஒருநாள் அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அறுத்ததையெல்லாம் வீட்டு வாசலில் இருக்கிற பெட்டியில் போட்டேன்.

'இதை யாரு எடுப்பா?'
'ராத்திரி வந்து எடுத்துட்டுப் போயிருவாங்கப்பா, காலைல பணம் வந்திரும்.'
'கமிஷன்?'
'கிடையாது.'
'வண்டி வாடகை?'
'அதுவும் கிடையாது.'

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். 'இந்த ஊரு எங்கிட்டு இருக்கு?' என்று கேட்டார்.

மண்ணில் கை வைக்காதவனுக்கு அந்தப் பெட்டி சாதாரணப் பெட்டி. அது எவ்வளவு பெரிய கனவு என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

யானைமலை:
அண்ணே, இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. ஒரே ஆள், எரிக் பரோன், நாலு வருடத்துக்கு மேல் தனியாக உட்கார்ந்து செய்த கேம் அது. உங்கள் அப்பாவின் கேள்வியை அவர் கேட்டிருந்தால் கமிஷன் மண்டி ஒன்றையும் சேர்த்திருப்பார்.

மாட்டுத்தாவணி மல்லி:
ஐயோ வேண்டாம். அங்கேயாவது நிம்மதியாக இருக்கிறோம்.

புதுசு:
பி.ஜி.எம்.ஐ.க்குத் தெருமுனை என்றது பாராட்டா, திட்டா?

யானைமலை:
இரண்டும். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலைத் தடை செய்தார்கள், 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்று வந்தது, 2022 ஜூலையில் அதுவும் போனது, 2023-ல் திரும்ப வந்தது. ஒவ்வொரு தடவையும் அதே நாலு பேர் அதே இடத்தில் வந்து கூடினோம். சுடுவதை விட, மைக்கில் ஊர்க்கதை பேசியதுதான் அதிகம்.

புதுசு:
சைபர்பங்க்கை நான் 2024-ல்தான் வாங்கினேன். ஒரு பிழைகூடக் கண்ணில் படவில்லை. 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டுக்குப் பிறகு அது வேறு கேம். வேகாத பிரியாணி என்று இன்னும் எழுதிக்கொண்டிருப்பது பழைய பகை.

யானைமலை:
நான் காசு கொடுத்தது 2020 டிசம்பரில். அந்த மாதம் சோனியே தன் ஆன்லைன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டது, அந்த லட்சணத்தில் இருந்தது. மூன்று வருடம் கழித்து அதே அண்டாவைத் திரும்ப அடுப்பில் ஏற்றி வேகவைத்துக் கொடுத்தால், சாப்பிடுவேன். ஆனால் முதல் பந்தியில் உட்கார்ந்தவனுக்கு வயிற்று வலி வந்ததை இல்லை என்று சொல்ல முடியுமா?

கோச்சடை:
ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் பற்றி யாரும் பேசவில்லையே. மதுரைக்காரன் என்ற முறையில் என் புகார் வேறு. திராவிடர்கள் வந்த அந்த 2022 தொகுப்பில் மூன்று கேம்பெயின், அதாவது மிஷன் மிஷனாக ஆடுகிற கதை: பாபர், ராஜேந்திரன், தேவபாலன். சோழனுக்குக் கதை உண்டு, பாண்டியனுக்குத் தனிக் கதை இல்லை. வைகைக்கரை என்ன பாவம் செய்தது?

ஆனால் குதிரை விஷயத்தில் யானைமலை சொன்னது தப்பு. திராவிடர்களுக்கு நைட் என்கிற குதிரைவீரன் கிடையாது என்பது குறையே இல்லை, செய்தவர்கள் சரித்திரம் படித்திருக்கிறார்கள். இங்கே குதிரை வளராது. பாண்டியர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கடல் வழியாக இறக்கினார்கள், அதில் பெரும்பாலானவை செத்துப்போயின என்று மார்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். அதற்குப் பதில் உருமி என்கிற சுருள்வாள் வீச்சுக்காரர்களைக் கொடுத்தார்கள், எதிரியின் கவசத்தையே கணக்கில் எடுக்காத உருக்கு இரும்பைக் கொடுத்தார்கள். காலாட்படையை வைத்து ஆடத் தெரிந்தவனுக்கு அது போதும்.

அதோடு, குதிரை வாங்கக் கொடுத்து அனுப்பிய பணத்தில் மாணிக்கவாசகர் கோயில் கட்டினார், கேட்டபோது நரியைப் பரியாக்கிக் கொண்டுவந்தார்கள், ராத்திரியே அது திரும்ப நரியாகி லாயத்தைக் கடித்துக் குதறியது. இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ஊருக்கு நல்ல லாயம் கொடுக்கவில்லை என்று புகார் வேறு!

தெப்பக்குளம் அக்கா:
எல்லோரும் பேசி முடிக்கட்டும் என்று இருந்தேன். வெண்பா 'விளையாட வைக்கவில்லை' என்று எழுதிய தம்பி, இதுவரை எத்தனை தடவை இட்லி ஊற்றியிருக்கிறீர்கள்?

1980-களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. அம்மா கொடுத்தனுப்பிய சமையல் நோட்டு கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போன வரியை நாம்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் புதிரே இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி மேலே ஏறும் என்பது. நான் முதல் தடவை தோற்றேன்! எங்கள் வீட்டில் இன்றைக்கும் துணி போட்டு ஊற்றுகிற இட்லிச் சட்டிதான், நடுக்கம்பு வைத்த அடுக்குத் தட்டு கிடையாது. இருபது வருடமாக அடுப்படியில் நிற்கிறேன், ஒரு கேம் என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது. அது விளையாட்டு இல்லையா?

யானைமலை:
அக்கா, தப்பாக அடுக்கினால் என்ன ஆனது? திரும்ப அடுக்கச் சொன்னது. தோற்கவே முடியாத ஒன்றை எப்படிக் கேம் என்பது? ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தும் போகிறது. 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியது தெரியும். என் கணக்கில் அது கதைக்குக் கிடைத்த விருது.

தெப்பக்குளம் அக்கா:
இட்லி கல்லாகப் போனால் எங்கள் வீட்டில் யாரும் 'கேம் ஓவர்' போடுவதில்லை தம்பி. உதிர்த்து உப்புமாவாகத் தாளித்துவிட்டு மறுநாள் திரும்ப ஊற்றுகிறோம். முப்பது தடவை மார்கிட்டிடம் அடி வாங்கி முப்பத்தொன்றாவது தடவை கற்றேன் என்று மேலே நீங்கள்தானே எழுதினீர்கள்? அதையே அடுப்படியில் செய்தால் மட்டும் விளையாட்டு இல்லையா?

ரெண்டு பிள்ளை:
அக்கா, இன்னொன்றும் இருக்கிறது. வெண்பாவை எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிட்டு எழுந்து போகலாம். எனக்கு அதுவே பத்துக்குப் பத்து.

யானைமலை:
சரி, இரண்டு வரியைத் திருத்துகிறேன். ஸ்டார்டியூ: 'கமிஷன் இல்லாத மார்க்கெட்.' ஐ.ஜி.ஐ.: 'கரண்ட் போகாத ஊருக்குச் செய்த கேம்.' வெண்பா அப்படியே இருக்கும். அக்கா என்னை மன்னிக்க வேண்டும், எனக்கு அது இன்னமும் நல்ல கதைதான்.

பழைய சென்டர் அண்ணன்:
ஐ.ஜி.ஐ. வரியை ஏற்றுக்கொள்கிறேன். சிடி இன்னும் பீரோவில் இருக்கிறது, கொஞ்சம் கீறல். டிரைவ் வைத்த சிஸ்டம்தான் இல்லை.

யானைமலை:
என்னிடம் ஒன்று இருக்கிறது அண்ணே. சனிக்கிழமை தூக்கிக்கொண்டு வரட்டுமா?

பழைய சென்டர் அண்ணன்:
சனிக்கிழமை எங்கள் ஏரியாவில் பராமரிப்பு வேலை, காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை வா.