லேத்தில் (கடைசல் மெஷின்) டெயில்ஸ்டாக் பக்கம் தடிப்பு வருது

கேள்வி (ஹட்டன்)
தேயிலை ரோலருக்கு ஷாஃப்ட் கடையுறேன், ரெண்டு சென்டருக்கு (ஷாஃப்டோட ரெண்டு முனையையும் தாங்குற கூர்முனை) நடுவுல. 300 மி.மீ. நீளத்துக்கு டெயில்ஸ்டாக் (ஷாஃப்டோட கடைசி முனையைத் தாங்குற நகரும் பகுதி) பக்கம் 0.06 மி.மீ. தடிப்பு. பேரிங் ஏறவே மாட்டேங்குது. எங்க பார்க்கணும் அண்ணே?

பதில் (பண்டாரவளை)
தம்பி, முதல்ல டெயில்ஸ்டாக் இல்லாம, 40 மி.மீ. கம்பியைச் சக்குல (கம்பியைப் பிடிச்சுச் சுத்துற பிடி) பிடிச்சு 150 மி.மீ. நீட்டி மெல்லிசா கடைங்க. அதுலயும் டேப்பர் (ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிசு) வந்தா பெட் (லேத்தோட அடிப்பாகம்) முறுக்கியிருக்கலாம். லெவலை (மட்டம் பார்க்குற கருவி) பெட் மேல குறுக்க வச்சுப் பாருங்க. வரலன்னா டெயில்ஸ்டாக்தான். டயல் கேஜ் (நுண்ணிய நகர்வைக் காட்டுற மானி) வச்சு அதை உங்க பக்கம் 0.03 மி.மீ. தள்ளுங்க, வித்தியாசத்துல பாதி. காலைக் குளிர்ல அளக்க வேணாம், அரை மணி ஓடவிடுங்க.

கேட்டவர்
கம்பி நேரா வந்துச்சு. டெயில்ஸ்டாக் அடியில நசுங்கின இரும்புச் சுருள் ஒண்ணு! துடைச்சுத் தள்ளினேன். இப்ப 0.01தான். பேரிங் ஏறிருச்சு அண்ணே.