‘ராயல்டி ஃப்ரீ’ ஒளிப்படத்துக்குத் தமிழில் என்ன சொல்?

மடல் 1

அனைவருக்கும் வணக்கம்.

தனித்து இயங்கும் ஒளிப்படக் கலைஞர்கள் பதிப்பகங்களுக்குப் படம் தரும்போது கையெழுத்திடும் உரிம ஒப்பந்தத்துக்குத் தமிழ் வடிவம் வேண்டியிருக்கிறது. ‘ராயல்டி ஃப்ரீ’ என்ற இடத்தில் வேலை நின்றுவிட்டது.

இணையத்தில் இதை ‘இலவசப் படம்’ என்றும் ‘காப்புரிமை இல்லாத படம்’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் தவறு. பதிப்புரிமை படம் எடுத்தவரிடமே இருக்கிறது. வாங்குபவர் ஒருமுறை பணம் கட்டுகிறார். பிறகு ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகக் கட்ட வேண்டாம். அவ்வளவுதான். ஒலிபெயர்த்து ‘ராயல்டி ஃப்ரீ’ என்றே விட்டாலும் தொல்லைதான். ‘ஒன்று வாங்கினால் ஒன்று ஃப்ரீ’ என்று பழகிய காதுக்கு அந்த ‘ஃப்ரீ’ காசில்லாமல் என்றே கேட்கும்.

‘ஒருமுறைக் கட்டண உரிமம்’ என்று முன்மொழிகிறேன். இதன் எதிரிணையான ‘ரைட்ஸ் மேனேஜ்டு’ (குறிப்பிட்ட ஒவ்வொரு பயனுக்கும் தனியாகக் கட்டணம் வாங்கும் வகை) என்பதற்கும் சொல் தேவை. ‘உரிமை மேலாண்மை உரிமம்’ என்று சொல்லுக்குச் சொல் வைத்தால் எவருக்கும் விளங்காது.

மடல் 2

வணக்கம். ராயல்டி என்பதற்கு நம் நிலவழக்கிலேயே பொருத்தமான சொல் உண்டு: வாரம். விளைச்சலில் இத்தனை பங்கு என்று கொடுப்பது வாரம். விளைந்தாலும் பொய்த்தாலும் பேசிய அளவைக் கொடுப்பது குத்தகை. விற்கும் படிக்கு இவ்வளவு என்று கொடுக்கும் ராயல்டி வாரமேதான். ஆகவே ‘வாரமில்லா உரிமம்’. எதிரிணைக்குக் ‘குத்தகை உரிமம்’ என்று வைக்கலாமே.

மடல் 3

ஐயா, வாரம்–குத்தகை ஒப்புமை அழகானது. ஆனால் ஒப்பந்தத்தில் வைக்க முடியாது. ‘வாரமில்லா’ என்பதை இன்றைய வாசகர் கிழமைக் கணக்காகவே படிப்பார். குத்தகையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் அந்தப் போகத்தில் உடையவரே இறங்கி உழ முடியாது. பட உரிமம் பெரும்பாலும் அப்படியில்லை. அதே படத்தை அதே நாளில் இன்னும் பத்துப் பேருக்குக் கொடுக்கலாம். பிறருக்குக் கொடுக்கக் கூடாது என்று தனியாக எழுதி, அதற்கு மேல்விலை வாங்கினால்தான் குத்தகை பொருந்தும். அந்தத் ‘தனியுரிமம்’ வேறு வகை.

‘ஒருமுறைக் கட்டணம்’ என்பதையும் நான் மறுக்கிறேன். பேச்சில் இது ‘ஒருமுறை உரிமம்’ என்று குறுகிவிடும். அப்போது நேர் எதிர்ப்பொருள் வந்துவிடுகிறது: ஒரே ஒரு முறை அச்சிட மட்டும் அனுமதி! ரைட்ஸ் மேனேஜ்டு வகையில் அப்படி ஓர் அனுமதி உண்மையிலேயே உண்டு. அதன் விலைச்சீட்டில் எந்த ஊடகம், பக்கத்தில் என்ன அளவு, எத்தனை படி, எந்த நாடு, எத்தனை மாதம், அட்டையா உள்பக்கமா என்று எல்லாம் இருக்கும். உள்பக்கத்தில் கால் பக்கத்துக்கு வாங்கிய படத்தை இரண்டாம் பதிப்பில் அட்டைக்கு ஏற்றினால் புதிதாகக் கட்டணம் உண்டு. தகராறு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது, ஏனென்றால் மறுபதிப்பு போடுபவர் பழைய சீட்டைத் தேடிப் பார்ப்பதில்லை.

பெயர் பணத்திலிருந்து பயனுக்கு மாறட்டும்: ராயல்டி ஃப்ரீக்குப் பல்பயன் உரிமம், ரைட்ஸ் மேனேஜ்டுக்குக் குறித்தபயன் உரிமம். ‘முழுப்பயன்’ வேண்டாம். பல்பயனுக்கும் வரம்பு உண்டு. ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் போன்ற படம் விற்கும் இணையதளங்களின் வழக்கமான உரிமத்தில் அச்சுக்கு 5 லட்சம் படி என்ற எல்லை இருக்கிறது. படமே சரக்காக விற்கும் பொருளுக்கு அந்த வழக்கமான உரிமம் போதாது. சிவகாசி நாட்காட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள்: அதை வாங்குபவர் படத்துக்காகவே வாங்குகிறார். ஆயிரம் படிதான் என்றாலும் அதற்கு விரிவுரிமம் (‘எக்ஸ்டெண்டட் லைசென்ஸ்’) வேண்டும். நிறுவனத்தின் இலச்சினையாகப் படத்தைப் பதிவு செய்யவும் கூடாது.

மடல் 4

பல்பயன்/குறித்தபயன் இணைக்கு என் ஆதரவு. சட்டத்தோடும் அது இயைகிறது.

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சும் ‘அனுப்பிவிட்டேன், போட்டுக்கொள்ளுங்கள்’ என்ற குரல்பதிவும் போதா. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். 19ஆம் பிரிவில் உரிமை மாற்றத்துக்குச் சொன்ன இந்த விதிகள் 30அ பிரிவின் வழியே உரிமத்துக்கும் வருகின்றன. ‘பல்பயன்’ என்று தலைப்பு வைத்துவிட்டு இவ்விரண்டையும் எழுதாமல் விட்டால், கோலாலம்பூரிலோ யாழ்ப்பாணத்திலோ நூலை விற்கும்போது சிக்கல்.

இன்னொன்று, கலைஞருக்கானது. காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டதற்காக எடுத்த படம், மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், 17ஆம் பிரிவின்படி கேட்டவருக்கே சொந்தம். திருமண வீட்டுப் படத்தை உரிமத்துக்கு விட முடியாது. ஆகவே ‘ஸ்டாக்’ என்பதைக் ‘கையிருப்புப் படம்’ என்றே சொல்வோம்: எவரும் கேட்காமல், கலைஞர் தம் கைப்பொறுப்பில் எடுத்து வைத்திருப்பது. சொல்லே இலக்கணமாகவும் அமைகிறது.

‘மாடல் ரிலீஸ்’, அதாவது படத்தில் இருப்பவர் தம் உருவத்தைப் பயன்படுத்த எழுதித் தரும் சம்மதம், என்பதற்கு ‘உருவ இசைவு’ என்ற சொல் வேண்டும். ‘விடுவிப்பு’ என்று எழுதுவதைப் பார்க்கிறேன். யாரை எதிலிருந்து விடுவிப்பது? ஒருவரின் பெயரையோ உருவத்தையோ இசைவின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதாகலாம் என்று 1994இல் ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. படத்தின் பதிப்புரிமை கலைஞரிடம் இருக்கலாம், முகம் அவருடையதல்ல. இசைவு இல்லாத சந்தைக் காட்சிகளுக்குச் ‘செய்திப் பயனுக்கு மட்டும்’ என்று குறிக்க வேண்டும். குழந்தையின் படத்துக்குப் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும்.

மடல் 5

நன்றி. இரண்டாம் மடலின் ‘வார’த்தை விட மனமில்லை என்றாலும் கிழமைக் குழப்பம் உண்மை. முதல் மடலில் நான் சொன்ன ‘ஒருமுறை’யையும் திரும்பப் பெறுகிறேன். ஒப்பந்தத்தின் முதல் பத்தி இப்படி அமைகிறது, திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

“இப்படத்தின் பதிப்புரிமை கலைஞரிடமே இருக்கும். பயனர் ஒரே கட்டணம் செலுத்தித் தனியுரிமம் அல்லாத பல்பயன் உரிமம் பெறுகிறார். காலம்: 10 ஆண்டு. எல்லை: உலகம் முழுதும். அச்சு: 5 லட்சம் படி வரை. நாட்காட்டி, வாழ்த்து அட்டை, சுவரொட்டி விற்பனைக்கு விரிவுரிமம் தனியே பெற வேண்டும். உருவ இசைவு: உண்டு / இல்லை. கோப்பு: ஏ4 முழுப்பக்கத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 2480 × 3508 படப்புள்ளி.”

கலைஞர் பெயரும் உரிம வரியும் கோப்பின் ஐபிடிசி புலங்களிலும் (படக்கோப்புக்குள்ளேயே விவரங்களைப் பதியும் இடங்கள்) இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அளவும் சுருங்கும், அந்த விவரங்களும் உதிர்ந்துவிடும். ஆவணமாக இணைத்தோ மின்னஞ்சலிலோ அனுப்பச் சொல்லி ஒரு வரி சேர்க்கிறேன். ‘விரிவுரிமம்’ ஒரே சொல்லா, ‘விரிவு உரிமம்’ என்று பிரிப்பதா என்பது மட்டும் மிச்சம்.